பொருத்தனைப் பிள்ளையும் சவரப் பெட்டியும்

பெங்களூருக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது குளிரும் இல்லை, டிராஃபிக்கும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைதான். பிரேசர் டவுனில் நாங்கள் போகும் ஆலயத்தில் ஒரே கூரைக்குக் கீழே மூன்று மொழிகளில் ஆராதனை. முதலில் தமிழ், அடுத்து இங்கிலீஷ், அதற்குப் பின் கன்னடம். போதகர் ஆசீர்வாதம் கூறிக் கையை இறக்குவதற்குள் அடுத்த ஆராதனைக்காரர்களின் கார்கள் வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். ஆமென் சொன்ன வாய் மூடுமுன் ஓடிப்போய் பைக்கை எடுக்க வேண்டும். சாத்தான்குளம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலோ, ஆராதனை முடிந்த பிறகுதான் அசல் கூட்டமே ஆரம்பம். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சண்டை, யார் மகன் கோயிலுக்கு வரவில்லை என்று வாசலில் நின்று அலசி முடிக்க மத்தியானம் ஆகிவிடும். ஆண்டவருக்கே டோக்கன் போட்டுக் கொடுத்துவிட்டார்களே இந்த ஊரில் என்று என் மனைவி ஹெலனிடம் புலம்பினேன். "ஊர்ல இருந்தப்ப மட்டும் பிரசங்கத்தை முழிச்சிருந்து கேட்டீங்களாக்கும்" என்றாள்.

என் பெயர் காணிக்கைராஜ். ஆபீசில் ராஜ், வாடகை வீட்டுக்காரருக்கு ராஜண்ணா. முழுப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்யாணமாகி எட்டு வருடம் பிள்ளையில்லாமல் இருந்த அம்மா, எங்கள் கோயில் பீடத்துக்கு முன் முழங்காலிட்டு ஒரு பொருத்தனை செய்தாள். பிள்ளையைத் தந்தால் அதை ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது புதிதல்ல. தெருவுக்கு ஒரு பொருத்தனைப் பிள்ளை இருப்பான். ஊழியம் என்றால் அங்கே ஒரே அர்த்தம்: செமினரியில் படித்து, வெள்ளை அங்கி மாட்டி, பிரசங்கப் பீடத்தில் ஏறுவது. முதலில் ஒரு டிகிரி, பிறகு செமினரி என்றார்கள். டிகிரி முடிந்ததும் அப்பா போய்ச் சேர்ந்தார். பிறகு தங்கை கல்யாணம். பிறகு பெங்களூர், ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவு. அம்மா மட்டும் விடவில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பலகாரத் தட்டோடு அதே கேள்வியையும் நீட்டுவாள்: "எப்பம்லே போகப்போற?"

போகக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கியை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் யாரோ ஒருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்ட கூச்சம் வந்தது. அழைப்பு என்றால் உள்ளே ஏதாவது அசைய வேண்டாமா? எனக்கு ஒன்றும் அசையவில்லை. ஆண்டவர் என் விலாசத்தைத் தொலைத்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

அசைந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். வீட்டோடு படுத்திருக்கும் சபையாருக்குப் போதகர் நற்கருணை அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு போவார். அன்று ஆலயத்து ஊழியர் லீவு என்பதால், "ராஜ், நற்கருணைப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு கூட வர்றீங்களா?" என்று கேட்டார். போனேன். பக்கத்துச் சந்தில் ஜெயசீலன் அங்கிள் வீடு. ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலப் பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. தாடி மார்பைத் தொட்டு, சோற்றுப் பருக்கையும் எச்சிலும் அதில் காய்ந்திருந்தன. போதகர் அப்பத்தை எடுத்ததும் அங்கிள் இடது கையால் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"நாலு மாசமா இப்படித்தான் ஐயா" என்றார் அவர் மனைவி ரோஸ்லின் ஆன்ட்டி. "நல்லா இருந்த காலத்துல கம்யூனியன் ஞாயித்துக்கிழமைன்னா விடியக் காலைல எழுந்து ஷேவிங் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டாத்தான் மேசைக்குப் போவாரு. இப்ப தாடியோட வேணாம்ன்றாரு. சலூன்காரனை ஒருதபா கூட்டினு வந்தேன். இவரு தாடை ஆடுறதைப் பாத்து, ரத்தம் கித்தம் வந்துட்டா இன்னா பண்றதுன்னு பூட்டான்."

ஆண்டவர் இருதயத்தைத்தான் பார்க்கிறார் என்று போதகர் பொறுமையாக விளக்கினார். அங்கிள் தலையை ஆட்டினார், கையை மட்டும் எடுக்கவில்லை. எனக்கு அவரை நன்றாகப் புரிந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்களும் அப்படித்தான். நற்கருணைக்கு முந்தின நாள் சவரம் செய்யாதவர் மறுநாள் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார். அது பக்தியா பெருமையா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இந்த மனிதருக்குக் கடைசியாக மிஞ்சியிருந்த மரியாதை அது. அதையும் விட்டுக்கொடு என்றால் எப்படி? "ஐயா, ஒரு அரை மணி நேரம் இருங்க. நான் வழிச்சு விடுறேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

எனக்குக் கைப்பழக்கம் உண்டு. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தபோது பாதிப் பேருக்கு முடிவெட்டி, சவரம் செய்து விட்டவன் நான்தான். கத்தரியோடு நிற்கும்போது எனக்குள் ஓர் அமைதி இறங்கும். விஷயம் அம்மாவுக்கு எட்டியதும் ஹாஸ்டலுக்கே வந்துவிட்டாள். "நம்ம வீட்டுப் பிள்ளை செய்யுற வேலையாலே இது?" என்று வார்டன் முன்னால் வைத்தே கேட்டாள். ஆலயத்தில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் பருகுவோம். தெருவில் மட்டும் சவரத் தொழிலாளிக்கு ஒருவரும் நாற்காலி போட மாட்டோம். வெட்கக்கேடு. ஆனால் அன்று எனக்கு வெட்கம் வந்தது கத்தரியைப் பார்த்துத்தான். தூக்கிப் போட்டுவிட்டேன்.

மூலைக் கடையில் ரேசரும் கத்தரியும் சோப்பும் வாங்கி வந்தேன். முதலில் கத்தரியால் தாடியைக் குறைத்து, வெந்நீரில் துண்டை நனைத்து முகத்தில் போட்டேன். இடப் பக்கம் சுலபம். வலப் பக்கக் கன்னம் பல்லில்லாத வாய்க்குள் குழிந்து கிடந்தது. சுத்தமான துணியை விரலில் சுற்றி வாய்க்குள் விட்டு, கன்னத்தை உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டு மெதுவாக இழுத்தேன். தாடை ஆடும்போது நிறுத்தினேன். ஆட்டம் நின்றதும் தொடர்ந்தேன். கடைசியில் தாடிக்குள்ளிருந்து ஒரு முகம் வந்தது. ரோஸ்லின் ஆன்ட்டி, "இதோ பார்ரா, என் வீட்டுக்காரரு வந்துட்டாரு!" என்று கையைத் தட்டினார். அங்கிள் இடது கையால் தன் கன்னத்தை ஒருமுறை தடவினார். பிறகு போதகரைப் பார்த்து வாயைத் திறந்தார்.

அந்த நேரத்தில்தான் எனக்குள் அது அசைந்தது. ஒளியும் இல்லை, குரலும் இல்லை. இதற்காகத்தான்டா நீ பிறந்தாய் என்று உடம்பு முழுவதும் தெரிந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஹெலனிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். "உங்க அம்மாகிட்ட யாரு சொல்றது?" என்றாள் அவள்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகள் என்னுடையவை. பிரேசர் டவுன், ஒக்கலிபுரம், கூப்பிட்டால் சந்தாபுரா வரைக்கும் பைக்கில் போவேன். கூடவே ஒரு சவரப் பெட்டி; அதில் ரேசர்கள், கத்தரி, நகவெட்டி, துண்டுகள். படுத்த படுக்கையாகிவிட்ட ஆண்கள் எத்தனை பேர் இந்த ஊரில்! பிள்ளைகள் கனடாவிலும் துபாயிலும் இருந்து வீடியோ காலில் பேசுவார்கள், ஆனால் வீடியோ காலில் தாடி வழிக்க முடியாது. ஊரிலேயே இருந்திருந்தால் இந்த வேலைக்கு என் கை நீண்டிருக்குமா? நிச்சயமாக இல்லை. யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி என்னைத் தடுத்திருக்கும். பெங்களூர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அதன் அக்கறையின்மையை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அதுதான் எனக்கு வழி திறந்தது.

எல்லாக் கதவும் உடனே திறந்துவிடவில்லை. ரோஸ்லின் ஆன்ட்டி வீட்டுக்கு எதிரே சரோஜம்மா. கணவர் ஆட்டோ ஓட்டியவர், விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. நானாகப் போய் நின்றேன். "எஷ்டு?" எவ்வளவு என்றார். "ஏனூ பேடா" ஒன்றும் வேண்டாம் என்றேன். பெருந்தன்மை என்று என் நினைப்பு. அவர் முகம் இறுகிவிட்டது. "ஃப்ரீ ஆத்ரே பேடா!" இலவசம் என்றால் வேண்டவே வேண்டாம். மதம் மாற்ற வந்த ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், சும்மா கொடுக்கிறவனைப் பார்த்துப் பயப்படுவதில் என்ன தப்பு? ரோஸ்லின் ஆன்ட்டி கன்னடத்தில் பேசிச் சமாதானம் செய்த பிறகு சரோஜம்மா ஒரு நிபந்தனையோடு கூப்பிட்டார்: சவரம் முடிந்ததும் நான் அவர் வீட்டில் காபி குடிக்க வேண்டும், அதுதான் கூலி. இன்றுவரை குடிக்கிறேன். அங்கே நான் ஜெபம் செய்வதில்லை. அந்தக் கதவு தாடிக்காகத் திறந்தது, அந்த வழியாக வேறு எதையும் உள்ளே கொண்டுபோவது திருட்டு.

போன வருடம் அம்மா வந்தாள். செமினரியில் சேர வயது வரம்பு நெருங்குகிறது, எங்கள் ஊர் ஐயர் சிபாரிசு செய்யத் தயார் என்று சொல்லத்தான் வந்தாள். ஐயர் என்றால் எங்கள் பக்கம் சபைப் போதகர். சனிக்கிழமை நான் பெட்டியை எடுத்ததும் என்ன என்று கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன்.

"எட்டு வருசம் அழுது கேட்டு வாங்கின பிள்ளைலே நீ. ஊரான் தாடையைச் சிரைக்கவா உன்னைக் கேட்டேன்?"

"அம்மா, நான் அங்கி போட்டா பிரசங்கம் பண்ணுவேன், ஜனம் தூங்கும். இங்க நான் போகாட்டா ஒரு மனுசன் அழுக்கோட கிடப்பான். எனக்கு வந்த அழைப்பு இதுதான். நான் செமினரிக்குப் போகப்போறதில்ல."

அம்மா விடவில்லை. "அழைப்பு உனக்கு வந்திச்சு, சரி. பொருத்தனை பண்ணினது நான்லா? நாளைக்கு ஆண்டவர் எங்கிட்டல்லா கேப்பாரு? சொன்ன சொல்லைக் காப்பாத்தாமலே கண்ணை மூடச் சொல்லுதியா?"

என் அழைப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை, அம்மாவின் பயமும் பொய்யில்லை. அன்று அவளை என்னோடு கூட்டிப்போனேன். ஜெயசீலன் அங்கிள் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, நான் அவர் கன்னத்துக்குள் விரல் விட்டு வழிப்பதை முழுக்கப் பார்த்தாள். இரண்டு நாளில் ரயில் ஏறிவிட்டாள். ஜன்னல் வழியே முத்தம் கொடுத்தாள், ஆசீர்வாதம் சொல்லவில்லை. அதற்கு முன் எந்தப் பயணத்திலும் அவள் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

சில மாதம் கழித்து அம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மாவின் அண்ணன், எங்கள் தங்கையா மாமா, குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார், மகன்கள் இருவரும் வளைகுடாவில். "இந்த சனிக்கிழமை ஊருக்கு வா. அந்தப் பெட்டியையும் எடுத்துட்டு வா" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை பட்டப்பகலில் மாமா வீட்டுக்குத் தெரு வழியாக நடந்தோம். பெட்டியை அம்மாதான் வைத்திருந்தாள், கேட்டும் தரவில்லை. எதிர்வீட்டுக்காரி, "என்ன அத்தை, மகன் எப்ப வந்தான்? எங்க போறீய?" என்றாள். அம்மா நின்றாள். நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். "அண்ணனுக்கு முகம் வழிக்கப் போறோம். எம்பிள்ளை பெங்களூர்ல இந்த ஊழியம்தான் செய்யுதான்."

ஊழியம் என்றாள் அம்மா. என் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

மாமாவின் வலப் பக்கக் கன்னத்தை முடித்துத் துடைத்தபோது அம்மா கையை நீட்டி ரேசரைக் கேட்டாள். "நீ நாளைக்கு பஸ் ஏறிருவ. அண்ணன் தாடி உனக்காக வளராம நிக்குமா? காட்டிக்குடு."

"ஏட்டி, வயசான காலத்துல என் கழுத்தை அறுக்கப் பாக்கியா?" என்றார் மாமா.

"சும்மா கெட அண்ணே, அசையாத."

முதல் இரண்டு இழுப்புக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவளே என் கையைத் தட்டிவிட்டாள். இடப் பக்கம் முழுவதையும் அவளே வழித்தாள். முடிந்தபோது தாடைக்குக் கீழே ஒரு கீற்று வெள்ளை முடி மிச்சம் இருந்தது. என் கை தானாகப் போனது. அம்மா என்னைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் மாமாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கண்ணாடி கேட்டு வாங்கி முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் பெங்களூர் வழித்தது, இடது பக்கம் ஊர் வழித்தது. "எது நல்லாருக்கு மாமா?" என்றேன். "முகம் ஒண்ணுதானலே" என்றார். வாசலில் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொன்னாள் அம்மா. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் திறந்து பார்த்தேன். ஒரு ரேசர் குறைந்தது, அம்மா தன்னிடம் வைத்துக்கொண்டுவிட்டாள்.