அரைநாள் அம்மா

என் மனைவியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பல்லி என்றால் பயம். லிஃப்ட் என்றால் பயம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் வந்தபிறகு, பூட்டினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ரகம். இப்படிப்பட்டவளைத்தான் மூன்று கிறிஸ்தவ சபைகள் பங்கு போட்டுக்கொண்டு நிர்வாகத்துக்கு வைத்திருந்தன!

முன்பு அவள் ஒரு மருத்துவமனையில் அலுவலக மேலாளராக இருந்தாள். முதுகுவலி வந்து அதை விட்டதும், முழுநேர நிர்வாகி வைக்க வசதியில்லாத சின்னச் சபைகள் கூப்பிட்டன. ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் இரண்டு அரைநாள். சபையை நடத்துகிற ஆயருக்கு வலது கையாக இருக்க வேண்டும். கமிட்டியில் என்ன பேசுவது என்று எழுதித் தருவாள், ஒழுகுகிற கூரைக்கு ஆள் பிடிப்பாள், சண்டைக்கு வருகிறவர்களை வாசலிலேயே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து ஆற்றி அனுப்புவாள். பிரசங்கத்தைத் தவிர மற்றதெல்லாம் அவள் தலையில்தான். சபையார் அவளுக்கு வைத்த பெயர் 'அரைநாள் அம்மா'. சம்பளம்தானே அரைநாளுக்கு, வேலை முழுநாளுக்கு என்று நான் கத்துவேன். "மெதுவாப் பேசுங்க, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்பாள். அதற்கும் பயம்.

மூன்றாவது சபையின் ஆயர் தங்கமான மனுஷர். ஆனால் பயங்கர மறதி. வருகிறேன் என்று சொன்ன வீட்டுக்குப் போகமாட்டார், சொல்லாத வீட்டில் போய் உட்கார்ந்திருப்பார். அவரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு என்று சபையே புலம்பியது. என் மனைவி போய் ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் சீர் செய்தாள். அவருடைய கைபேசியில் நாட்காட்டி போட்டு, வீட்டு ஜெபம், கல்யாண ஆலோசனை, குடும்பத் தகராறு, ஆஸ்பத்திரி என்று அவர் நாளை அரை அரை மணியாகப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். காலியாக ஒரு அரை மணி தெரிந்தால் அவளுக்குப் பொறுக்காது, யாரையாவது போட்டுவிடுவாள். "இப்பத்தான் ஐயாவைப் பார்க்கவே முடியுது" என்று சபையார் மெச்சினார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

சில மாதம் கழித்து ஒருநாள் சோற்றை அளைந்துகொண்டே சொன்னாள். "ஐயா முகமே சரியில்லைங்க. நேத்து கடைசி ஆளும் போயாச்சு. 'அடுத்தது யாரு சிஸ்டர்'னு கேட்டார். யாருமில்லன்னேன். நம்பாம வாசல்ல எட்டிப் பார்த்துட்டு வர்றார். எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கு எதுதான் பயமில்ல? சாப்பிடு" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. நான் வழக்கம்போல் கடைசி பெஞ்சில், மின்விசிறிக்குக் கீழே. பாடகர் குழு பாடி முடித்தது, ஆயர் வரவில்லை. இன்னொரு பாட்டு பாடினார்கள், வரவில்லை. மூன்றாவது பாட்டை இழுக்கிற வரைக்கும் இழுத்தார்கள். அப்போது பக்கவாட்டுக் கதவில் என் மனைவியின் தலை தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை. கையசைத்து என்னைக் கூப்பிட்டாள்.

ஆயர் அங்கி மாட்டுகிற சின்ன அறைக்கு வெளியே நின்றாள். "உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கார். எவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்ல. என்னங்க, ஏதாவது பண்ணிக்கிட்டிருப்பாரா?"

கதவைத் தட்டினேன், இடித்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலோ எட்டாத உயரத்தில், கம்பி போட்டிருந்தது. அவள் தரையில் மண்டியிட்டுக் கதவின் அடியில் வாயை வைத்தாள். "ஐயா, நான்தான். பேச வேணாம். இருக்கேன்னு ஒரு சத்தம் மட்டும் குடுங்க, போதும்."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. கடவுளே, உயிரோடு இருக்கிறார்! அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"சிஸ்டர்," என்றது குரல். "முன்னாடியெல்லாம் நான் மறந்துருவேன். எல்லாரும் திட்டுவாங்க. ஆனா அந்த மறந்த நேரத்துலதான் நான் மூச்சு விட்டேன். நீங்க வந்தப்புறம் ஒருத்தரையும் மறக்க முடியல. கதவைத் திறந்தா எல்லாரும் நிப்பாங்க. எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர்."

அவள் முகம் வெளுத்துப்போனது. அவளுடைய நல்ல வேலைதான் அந்த மனுஷரை அறைக்குள் தள்ளியிருந்தது. அதற்குள் சபைச் செயலர் வந்து சேர்ந்தார். "என்ன இது? வெளியூர் விருந்தாளிங்க முன்வரிசையில இருக்காங்க. நீங்க சொன்னா கேப்பார் சிஸ்டர். அஞ்சு நிமிஷம் வந்து ஆசீர்வாதம் மட்டும் குடுக்கச் சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்" என்றாள்.

"அப்ப சபைக்கு யாரு பதில் சொல்றது? உங்களை எதுக்கு வெச்சிருக்கோம்?"

"நானே சொல்றேன்." என் பக்கம் திரும்பினாள். "நீங்க இங்கயே நில்லுங்க. அவர்கிட்ட எதையாவது பேசிக்கிட்டே இருங்க, விட்றாதீங்க." சுவரைப் பிடித்துக்கொண்டே போனாள்.

நான் கதவோடு ஸ்கூட்டர் பஞ்சரைப் பற்றிப் பேசினேன். வேறெதுவும் வாயில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டது, நடுங்கிக்கொண்டு. "ஐயா இன்னிக்கு வரமாட்டாங்க. ரொம்பக் களைச்சுப் போயிட்டாங்க. அவங்க நேரத்தைத் துண்டு துண்டாக்கி உங்களுக்குக் குடுத்தது நான்தான். எல்லாத்தையும் ரத்து பண்றேன். நான் சொல்ற வரைக்கும் யாரும் அவங்க வீட்டுப் பக்கம் போகாதீங்க."

ஒரு ஆண் குரல் எழுந்தது. "சிஸ்டர், எனக்குச் செவ்வாய்க்கிழமை குடுத்திருக்கீங்க. என் மக விஷயம். ஐயா வந்தே ஆகணும்."

இரைந்து கேட்டவருக்கு இல்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதும், சரி பார்க்கலாம் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் இந்தக் கதவு திறக்காது. உள்ளே அவர் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"இல்லண்ணே," என்றது ஒலிபெருக்கி. "செவ்வாயும் இல்ல, எந்தக் கிழமையும் இல்ல. நான் வர்றேன், சபை மூப்பரையும் கூட்டிக்கிட்டு வர்றேன். ஐயா வரமாட்டாங்க."

தாழ்ப்பாள் விலகியது. அவர் அங்கியில்லாமல், செருப்பில்லாமல் நின்றார். பின்வாசல் வழியாக அவரைக் கூட்டிப்போய் ஸ்கூட்டரில் ஏற்றினேன். வழியெல்லாம் என் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் அவர் மனைவி பதறிக்கொண்டு ஓடிவந்தார். ஆயர் படியேறிவிட்டு, திரும்பி என்னிடம் வந்தார். கையில் கைபேசி இருந்தது. "பிரதர், அந்தச் செவ்வாய்க்கிழமை ஆளு... அவர் மக நிலைமை நிஜமாவே மோசம். அவரை மட்டும் ஒரு வார்த்தை கூப்பிட்டு..."

எனக்கு எங்கிருந்துதான் அப்படியொரு கோபம் வந்ததோ. "ஐயா, போனைக் குடுங்க! உள்ளே போங்க!" என்று ஒரு ஆயரைப் பார்த்துத் தெருவில் நின்று கத்தினேன். அவர் பயந்துபோய்க் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தார். நிலைப்படியைத் தாண்டுவதற்குள் என் கையில் அது அலறியது. ஆராதனை முடிந்ததும் பார்க்க வேண்டிய ஆளின் பெயர் திரையில் வந்தது. என் மனைவி போட்டுவைத்த நினைவூட்டல்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். அதை நிறுத்தத் தெரியாமல் நான் இரண்டு கையாலும் பொத்தி நெஞ்சோடு அமுக்கிக்கொண்டேன். "யாருமில்லைய்யா, போங்க," என்றேன், "யாருமேயில்ல." அவர் மனைவி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தும்வரை அது அடித்துக்கொண்டேயிருந்தது.