முளைப்பாரி சுமந்த கால்

சுற்றும்போது சில்லென்று இருக்கும் மாவுக்கட்டு, இறுக இறுக வெந்நீர் ஒத்தடம்போலச் சூடாகிவிடும். மும்பை செம்பூரில் செயற்கைக்கால் செய்து பொருத்தும் கூடத்தில், என் இடது முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருந்த கொஞ்சம் காலுக்கு அளவெடுத்தபோதுதான் அந்தச் சூட்டை முதன்முதலாக அறிந்தேன். மற்றதை, எனக்கு எட்டு வயதாக இருக்கையில், தாராவியில் பின்னோக்கி வந்த ஒரு தண்ணீர் டாங்கர் எடுத்துக்கொண்டது. மிஞ்சியதற்கு எங்கள் வீட்டில் ‘மிச்சக்கால்’ என்று பெயர். அளவெடுத்தபோது எனக்கு வயது பத்து, வாய்க்கு இருபது.

கால் செய்து பொருத்தியவர், வசதியான தமிழர்கள் வாழும் மாட்டுங்காவிலிருந்து வரும் வைதேகி அக்கா. மாவு அச்சின்மேல் வார்த்த ‘சாக்கெட்’ என்னும் கிண்ணத்தில் மிச்சக்காலை இறக்கி, இரு கம்பிகளுக்கு நடுவே என்னை நடக்கவிட்டு, தரையில் குந்தியபடி என் முழங்காலைக் கண்கொட்டாமல் பார்த்து, கணுக்காலில் உள்ள திருகுகளை வளைந்த சிறு சாவியால் கால்சுற்று, அரைச்சுற்று என்று திருப்புவார். ஷூவின் குதிகால் உயரத்துக்கு ஏற்பத்தான் காலின் சாய்வை வைக்க முடியும் என்பதால், “ஆத்துலயும் கொழந்தை ஷூ போட்டுப்பாளா?” என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தோல்பை தைக்கும் தொழிலாளி. மாட்டுங்காக்காரர் முன்னால் தாராவிக்காரன் தாழ்ந்துவிடக் கூடாது என்ற வீம்பு அவருக்கு எப்போதும் உண்டு. “எம்மவ ஷூ இல்லாம தரையில காலே வைக்க மாட்டா, மேடம்” என்று நிமிர்ந்து நின்று சொன்னார். பள்ளிக்கூட ஷூவின் குதிகாலுக்கு ஏற்றபடி கால் அமைந்தது. அன்று நான் கம்பியைத் தொடாமல் நடந்தேன். அந்தத் தெம்பில் நேரே வந்து முளைப்பாரிக்கு விதை போட்டேன்.

ஆடி மாதத்தில் எங்கள் தெரு அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்த வழக்கம். வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை மண்சட்டியில் நவதானியம் தூவி, கோயிலை ஒட்டிய இருட்டு அறையில் பத்து நாள் வளர்த்து, தலையில் வைத்து மாஹிம் கடற்கரை வரை வெறுங்காலோடு நடந்து போக வேண்டும். விதைத்த கைதான் சுமக்க வேண்டும். கரை சேரும்வரை மாற்றிக் கொடுக்கக் கூடாது. நான் விதைத்ததைக் கேள்விப்பட்ட கோயில் தர்மகர்த்தா அன்றைக்கே வாசலில் வந்து நின்றார். “பாரி சரிஞ்சா தெருவுக்கே ஆகாதுல்லா. புள்ள நடந்து காட்டட்டும், பொறவு பாக்கலாம். இல்லன்னா சட்டிய அறையிலயே விட்டுருங்க” என்றார். பத்தே நாள். எனக்கு அது சாமி காரியமாகக்கூடத் தோன்றவில்லை. இரண்டு வருஷமாக என்னைத் தூக்கிக்கொண்டே திரிந்த தெருவுக்கு முன்னால், ஒரு தடவையாவது நான் எதையாவது தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்ற வெறி.

ஆனால் எங்கள் ‘கோலி’க்குள், அந்தப் பத்துக்குப் பத்து அறைக்குள், நாலு எட்டு வைத்தால் இரண்டாவது எட்டிலேயே சுவரைப் பிடித்தேன். சமதரையில் நடப்பது மலை ஏறுவதுபோல இருந்தது. முழங்காலை யாரோ பின்பக்கமாகத் தள்ளினார்கள். ‘கால் சரியில்லை’ என்று நான் கத்த, அம்மா, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று அடுப்படியிலிருந்தே முடித்துவிட்டாள். இருந்தும் செம்பூருக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஷூவும் சாக்ஸுமாகக் கம்பிகளுக்கு நடுவே நடந்தேன். ஒரு குறையும் இல்லை! வைதேகி அக்கா உதட்டைப் பிதுக்கினார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு முகம் காட்டாமல் அழுதேன்.

ஏழாம் நாள் காலையில் அப்பா வாசலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சந்திலிருந்து ஷூவோடு நன்றாக நடந்து வந்து, நிலைப்படியில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போனதும் தடுமாறினேன். அவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். “ஏட்டி, வெளிய போ. திரும்ப வா” என்றார். போய் வந்தேன். “ஷூவோட உள்ள வா” என்றார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. அம்மா வாய் திறப்பதற்குள் சாமி படம் வரை நடந்து திரும்பிவிட்டேன், சுவரைத் தொடாமல். அப்பா முகம் செத்துவிட்டது. “நான்தாம்ட்டி உன்னத் தள்ளிவிட்டிருக்கேன்” என்றார். ஒருநாள் கூலி போனாலும் போகட்டும் என்று, அப்போதே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

பொய் சொன்னதை அவர் தலைகுனிந்து சொன்னபோது வைதேகி அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். “எங்காத்துலயும் வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வருவோம். நீங்க சொன்னதை நான் எப்படி நம்பினேன்?” என்றார். பிறகு ஷூவைக் கழற்றச் சொல்லி, வெறும் பாதத்துக்கு ஏற்றபடி திருகுகளை மாற்றினார். கால்சுற்று, நடை, இன்னொரு கால்சுற்று, நடை. மலை சரிந்து தரையானது. இனிமேல் பள்ளிக்கூடத்துக்குக் குதிகால் இல்லாத தட்டையான ஷூதான் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். தலையில் சுமை வைத்து நடக்க வேண்டும் என்று நான் சொன்னதும் சுற்றுமுற்றும் பார்த்தார். அலமாரியில் இருந்த என் மிச்சக்காலின் மாவு அச்சை எடுத்து ஒரு தட்டில் வைத்தார். அப்பாவின் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி, என் காலை என் தலையிலேயே சுமந்துகொண்டு, அந்தக் கூடத்தை மூன்று சுற்று சுற்றினேன். காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.

மறுநாள் தர்மகர்த்தா முன்னால் குடத்தோடு நடந்து காட்டினேன். அவர் அரைமனதாகத் தலையசைத்தார். பத்தாம் நாள் மழை. குலவைச் சத்தத்துக்கு நடுவே பாரியைத் தலையில் ஏற்றினார்கள். வலது காலுக்கு மட்டும் தண்ணீர் சில்லென்றது. தர்மகர்த்தா, விழுந்தால் பிடிக்கத் தோதாகக் கைகளை விரித்தபடி பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தார். மாஹிம் வரும் வரை பொறுத்தேன். “தாத்தா, கொஞ்சம் வழிய விடுங்க, எனக்கு நடக்க எடமில்ல” என்றேன். கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்துக்கொண்டே விலகினார். மணலில் கால் புதைந்தது, மிச்சக்கால் எரிந்தது. ஆனாலும் ஈரமணல் தொடங்கும் இடம் வரை யார் தோளையும் பிடிக்கவில்லை. உப்புத் தண்ணீர் காலுக்கு ஆகாது என்று வைதேகி அக்கா சொல்லியிருந்ததால், கரையில் நின்று, கடலில் கரைக்க அம்மாவிடம் சட்டியை இறக்கிக் கொடுத்தேன். முளைத்த பச்சை ஒன்றுகூடச் சாயவில்லை. அத்தனை சந்தோஷத்தை அதற்குமுன் நான் அறிந்ததே இல்லை.

எங்கள் சந்து இருந்த இடத்தில் இப்போது லிஃப்ட் வைத்த கட்டிடம் நிற்கிறது. விதை வளர்த்த இருட்டு அறை எந்த மாடிக்குள் கரைந்ததோ தெரியாது. பாரிகள் இப்போதெல்லாம் டெம்போவில் ஏறிக் கடலுக்குப் போகின்றன. அந்த முதல் காலும் இல்லை. அடுத்த ஆடி வருவதற்குள்ளேயே அது எனக்குப் பற்றாமல் போயிற்று. வைதேகி அக்கா டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, “அரை இஞ்ச் குறையறதே!” என்றார். காலில்தான் ஏதோ கோளாறு என்று நான் பதறினேன். அப்பாதான் முதலில் புரிந்துகொண்டார். அந்தக் கூடத்தில் காத்திருந்த அத்தனை பேரையும் பார்த்து, தாராவிக்கே கேட்கும் குரலில் கத்தினார்: “எம்மவ வளந்துட்டா!”