சந்தனம் வைத்த மெமரி

ரெஜினா காலமான செய்தியைக் கடையில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் தொலைபேசியில் சொன்னார். "அக்கா காலைல தவறிட்டாங்க சார். நீங்க பழைய கஸ்டமராச்சே, சொல்லணும்னு தோணுச்சு." அஞ்சலிக் கூட்டத்தில் வாய் திறக்கத் தைரியம் வரவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், மொழிபெயர்ப்பு வேலைக்காக யாரோ பயன்படுத்திய மலிவான லேப்டாப் ஒன்றை வாங்கியிருந்தேன். நாலு பக்கம் தட்டினால் உறைந்து நின்றுவிடும். மெமரி கூட்டினால் சரியாகும் என்றார்கள். தி. நகரில் மாடியிலிருந்த ஓர் உதிரிபாகக் கடைக்குப் போனேன். கவுண்டரில் ரெஜினா நின்றிருந்தார். "இருக்கறதுலயே பெரிய மெமரியா குடுங்க" என்றேன், மளிகைக் கடையில் கேட்பது போல.

சிரித்துவிட்டார். "பெருசு இன்னாத்துக்கு சார்? உங்க மெஷின் எத ஏத்துக்கும்னு பாக்கணும். உள்ள இருக்கறதக் கழட்டி எடுத்துக்கினு வாங்க." அலைய விடுகிறாரே என்று எரிச்சலோடு அபிராமபுரத்தில் இருந்த வீட்டுக்குப் போய்ப் பழையதைக் கொண்டுவந்தேன். அதன் மேலிருந்த எண்ணைப் படித்து, நாலைந்தை ஒதுக்கிவிட்டு விரல் நீளத் தகடு ஒன்றை எடுத்தார். "பள்ளத்துல உக்காந்துட்டா மட்டும் போதாது சார். வோல்டேஜும் ஒத்துப் போவணும். இல்லாங்காட்டி மெஷினே காலி." சுற்றி நின்ற ஐந்தாறு பேரும் வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் அப்படிப் பேசுவது பிடித்திருந்தது.

வீட்டில் மனைவி, "புதுசை அப்படியேவா மாட்டுவா? சுவாமிகிட்ட வச்சு எடுங்கோ" என்றாள். வைத்தேன். சந்தனமும் குங்குமமும் இட்டது நான்தான், அதுவும் பளபளவென்றிருந்த பொன்னிற விளிம்பில். மாட்டினேன். கணினி கண்ணே திறக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கடையில் நல்ல கூட்டம். போலிச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டதாகக் கத்தினேன். ஏமாற்றுக்காரி என்றும் சொன்னேன். ரெஜினா மெமரியைக் கழற்றிப் பார்த்தார். கட்டைவிரலால் விளிம்பை மூடிக்கொண்டு முதலாளியிடம் சொன்னார்: "டெஸ்ட் பண்ணாம குடுத்துட்டேன் சார். தப்பு என்னோடதுதான்." முதலாளி எல்லார் முன்னாலும் திட்டினார். "இனிமே நீ கவுண்டர்ல நிக்க வேணாம். உள்ள போய் ரிப்பேரைப் பாரு."

திங்களன்று பின்னறைக்குப் போய், விட்டுவந்த கணினியைத் திரும்ப வாங்கினேன். நன்றாக ஓடியது. "அதே மெமரிதான் சார்" என்றார் ரெஜினா, குரலைத் தாழ்த்தி. "அந்த விளிம்புலதான் கரண்ட் பாயணும். சந்தனம் காஞ்சி ஒட்டிக்கினு இருந்துச்சு, ரப்பரால துடைச்சேன். அவ்ளோ பேர் எதுர்ல சாமி சமாச்சாரத்த எப்டி சொல்றதுன்னு விட்டுட்டேன்." முதலாளி கதவுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அதற்குப் பிறகும் பல முறை அந்தக் கடைக்குப் போனேன், வெட்கங்கெட்டவன். "மெஷின் ஓடுதா சார்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஓடுகிறது என்பேன்.

நீங்களெல்லாம் அதற்குப் பின் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ரெஜினாவுக்குக் கூச்ச சுபாவம், கூட்டம் ஆகாது, அதனால்தான் கடைசிவரை பின்னறையிலேயே இருந்தார் என்று அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். கவுண்டரில் நின்று வாய் ஓயாமல் பேசி, வந்தவர்களைச் சிரிக்கவைத்த ஒரு ரெஜினா இருந்தார். அவரை நீங்கள் யாரும் பார்த்ததில்லை. அந்த ரெஜினா என்னிடம் இருக்கிறார். அவரை உள்ளே அனுப்பியவன் நான்.