கருவாட்டுச் சோதனை

கருவாட்டைச் சட்டியில் போட்டதும் அருப்புக்கோட்டை வாடகை வீடு முழுக்க வாடை நிறைந்தது. பூனை மட்டும் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை. முன்னங்காலில் சின்னக் கீறல்தான், ரத்தம்கூட இல்லை.

ஊரில், பாலவனத்தத்தில், எங்கள் அய்யா பூனை நொண்டினால் காயத்தைப் பார்க்க மாட்டார். நெத்திலிக் கருவாட்டை வாட்டுவார்.

"வாடைக்கு எந்திரிச்சு வந்துட்டா தன்னால ஆறிரும். வரலைன்னாத்தான் டவுனுக்குத் தூக்கணும்."

எனக்குக் காய்ச்சல் வந்தாலும் இதே சோதனைதான். நெற்றியைத் தொட்டுப் பார்க்க மாட்டார். தலைமாட்டில் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, "தின்னுறியா தாயி?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். எண்ணெய் ஊறிய காகிதத்திலிருந்து வரும் பூண்டு மணத்துக்கு நான் எழுந்துவிடுவேன்.

"அப்பச் சரி, பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு."

கருவாட்டுத் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பூனை முகர்ந்துகூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குமேல் யோசிக்கவில்லை. கூடையில் துணி விரித்து அதைத் தூக்கி வைத்தேன். மாட்டாஸ்பத்திரி மதியத்தோடு மூடிவிடும்.

வீட்டைப் பூட்டச் சாவி எடுக்கும்போதுதான் மேசையைப் பார்த்தேன். போன வாரம் ஆசைப்பட்டு வாங்கிவந்த காராச்சேவுப் பொட்டலம் கட்டிய நூல்கூட அவிழாமல் அப்படியே கிடந்தது.