வளர்கிறவளுக்கு ஒரு பேட்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஆனாலும் இன்று கும்மிடிப்பூண்டி விளையாட்டுச் சாமான் கடையில் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

பேத்தி மாலதி சாஃப்ட்பால் ஆடுகிறாள். சனிக்கிழமை ஜில்லா டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். பேட் வாங்க வந்த என் மகன் பெரியதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

"வளர்ற பொண்ணு. ரெண்டு வருஷம் வரும்."

அதை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்தவளுக்கு மணிக்கட்டு நடுங்கியது. "நல்லாத்தான் கீதுப்பா" என்றாள்.

அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். பழவேற்காடு ஏரியில் படகைக் கழி ஊன்றித்தான் தள்ளுவோம். இவள் வயதில் எனக்கும் நைனா, எப்படியும் வளர்வேன் என்று, தன் உயரத்துக்கு ஏற்ற ஒரு மூங்கில் கழி கொடுத்தார். ஒருநாள் அது சேற்றில் சிக்கியது. படகு நகர்ந்துவிட, கழியைக் கட்டிப்பிடித்தபடி நான் தண்ணீரில் விழுந்தேன். வாயெல்லாம் உப்பும் சேறும்.

அம்மா என்னை ஈரத்தோடு நிற்கவைத்து, கழியை என் அளவுக்கு அறுத்துப் போட்டாள்.

"நல்ல கழிய இன்னாடி பண்ணிக்கினு கீற?" என்றார் நைனா.

"அவ வளந்தா வேற கழி வெட்டிக்கலாம். முழுகிப்பூட்டா வேற பொண்ண எங்க போய் வெட்டுவ?"

கடையில் நான், "வேணாம்டா" என்றேன்.

"யம்மா, பேட்டப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்று மகன் சிரித்தான். கையில் பணம் போதாததால், நாளைக்கு வந்து அதையே வாங்குவதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தான்.

மாலதி, இங்கே வா. உன் அப்பன் கூடத்தில்தான் இருக்கிறான். நான் எழுதிய இதை அவனுக்குப் படித்துக் காட்டு. என் அம்மா பேசுகிற இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி.