பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம்

மேடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஆளைக் கீழே இறங்கச் சொல்லி மைக்கிலேயே அறிவித்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

நெய்வேலி நகரியத்தில் பகலில் எனக்குச் சுரங்கத்து டைம் ஆபீசில் வேலை. யார் எந்த ஷிஃப்ட், யார் லீவு, யார் சொல்லாமல் லீவு என்பதெல்லாம் என் இலாகா. மாலையில் ஆல்பர்ட் நடத்தும் மெல்லிசைக் குழுவுக்கு அறிவிப்பாளர். புதிதாக மைக் பிடிக்க வரும் தம்பி தங்கைகள் "உங்க அனுபவத்தை எழுதுங்க சார்" என்கிறார்கள். அனுபவம் என்று அவர்கள் கௌரவமாகச் சொல்வது என் அவமானங்களைத்தான்.

1. முதல் நாள்

என் முதல் நிகழ்ச்சி ஒரு கல்யாண ரிசப்ஷன். சவுண்ட் செக் முடிந்து கூட்டம் உட்கார்ந்துவிட்டது. மேடையின் பின் ஓரத்தில், நான்கு கால் வைத்த ஒரு நீளப் பலகைக்கு முன்னால் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். பளபளக்கும் ஓர் இரும்பை அந்தப் பலகைமேல் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார். பாடகர்களின் கோட்டுகள் பக்கத்து நாற்காலியில் குவிந்து கிடந்தன. நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

"கோட்டுக்கு இஸ்திரி போடும் அண்ணன் தயவுசெய்து மேடையைவிட்டு இறங்கவும். நிகழ்ச்சி ஆரம்பமாகப் போகிறது" என்றேன்.

கூட்டம் சிரித்தது. வந்த அன்றே சிரிக்க வைத்துவிட்டோம் என்று நான் பூரித்துப்போனேன். அவர் நிமிர்ந்தார். எண்ணெய் தடவி முறுக்கிய மீசை. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல்.

"யோவ், இது வாத்தியம்யா! உன் சட்டயக் கயட்டிக் குடு, அதயும் போட்டுத் தேச்சிகினே வாசிக்கறேன்!"

அவர் பெயர் பக்கிரிசாமி. முத்தாண்டிக்குப்பத்துக்காரர். சுரங்கத்தில் புல்டோசர் ஓட்டும் டோசர் ஆபரேட்டர். அந்தப் பலகை, பெடல் ஸ்டீல் கிட்டார்.

2. அழுவது யார்?

ஸ்டீல் கிட்டார் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் உங்கள் காதுக்குத் தெரியும். பழைய சோகப் பாட்டில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு கம்பி வழுக்கிக்கொண்டே போய் அழுமே, அதுதான். அதற்குக் கால் வைத்து, கீழே பெடலும் வைத்தால் பெடல் ஸ்டீல். இடது கை கம்பிமேல் இரும்பை நகர்த்தும். வலது கை மீட்டும். இடது கால் பெடலை மிதித்தால், ஒலித்துக்கொண்டிருக்கும் கம்பி அப்படியே சுருதி ஏறும். வலது கால் சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். சும்மா இருக்கிற முட்டிகளையும் விட்டுவைப்பதில்லை. அவற்றுக்கும் ஆளுக்கொரு லீவர்.

இவ்வளவையும் செய்கிற மனிதர் பார்வைக்கு ஒன்றுமே செய்யாதவர்போல இருப்பார். இந்தக் கலைஞர்களின் தலையெழுத்தே இதுதான். டிரம்ஸ்காரர் முடியைச் சிலுப்புகிறார். லீட் கிட்டார்காரர் மண்டி போடுகிறார். பெடல் ஸ்டீல்காரரோ கல்லாவில் சில்லறை தேடுகிறவர்போல் குனிந்தே இருக்கிறார். பாடியவர் பெயர் நமக்குத் தெரியும். நடித்தவருக்குக் கட் அவுட் வைத்துப் பால் ஊற்றுவோம். நம்மை அழவைத்த அந்த விரல் யாருடையது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. இரண்டு கை, இரண்டு கால் நாலுக்கும் தனித்தனி வேலை கொடுத்துவிட்டு, கண்ணை வேறெங்கோ வைத்திருக்க டோசர் ஆபரேட்டரால் மட்டும்தான் முடியும். அந்த வகையில் உலகத்தின் பெடல் ஸ்டீல் தலைநகரமாக இருந்திருக்க வேண்டிய ஊர் நெய்வேலி. உலகத்துக்கு இது தெரியாது. நெய்வேலிக்கும் தெரியாது.

பக்கிரிசாமி போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அதைத் தானே செய்தார். பண்ருட்டிப் பலாமரப் பலகை. பெடலிலிருந்து கம்பிக்கு மொபெட்டின் கிளச் கேபிள். கையில் பிடிக்கும் இரும்பு, வடலூர் காயலான் கடையில் வாங்கிய பேரிங் உருளை. அது வழுக்கி அழும்போதெல்லாம் கூட்டம் கைதட்டும். முன்னால் கீபோர்டில் நிற்கும் ஆல்பர்ட் கும்பிடுவார். ஆல்பர்ட் மோசமானவர் இல்லை. எங்கே கைதட்டல் கேட்டாலும் கும்பிடும் பழக்கம் உள்ளவர்.

அந்த ஆல்பர்ட் ஒருநாள் புதுக் கீபோர்டு வாங்கினார்.

"இங்க பாரு பக்கிரி, நீ வாசிக்கறது அத்தனையும் இந்த ஒரு பட்டன்ல இருக்கு. உன் பலகைய ஏத்துனா வேன்ல ரெண்டு பேர் உட்கார்ற எடம் போகுது."

"பட்டன் அழுவுமா?"

"அமுக்குனா அழும்."

"நான் அமுக்காமயே அழுவேன்யா!"

நடுவில் புகுந்து சமாதானம் பேசினேன். ஆல்பர்ட் கடைசியாக ஒரு வழிக்கு வந்தார். "ஆயுத பூஜைக்கு உங்க டோசர் ஷெட்லதான் கச்சேரி. ஒரே ஒரு பாட்டு. மேடைக்கு முன்னாடி வந்து உட்கார்ந்து வாசி. ஜனம் உன்னைக் கவனிச்சுதுன்னா வேன்ல உனக்கு எடம். கவனிக்கலன்னா பட்டன்."

வெளியே வந்ததும் பக்கிரிசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேரு வாணாம், கலதான் பெருசுன்னு சொல்ற ஆளு நான் இல்லீங்க சார். எனக்குப் பேரு வோணும். எம் பொண்டாட்டியே 'ஆல்பர்ட்டு என்னமா வாசிக்கறாரு'ன்னு வூட்டுல சொல்லிகினு கீறா. நீங்கதான் மைக்குல எடுத்து வுடணும்."

இஸ்திரிக்குப் பிராயச்சித்தம் செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? மூன்று பக்கம் எழுதினேன்.

3. ஆயுத பூஜை

அன்றைக்கு ஷெட்டைப் பார்க்க வேண்டும். ஆள் உயரச் செயின் வைத்த டோசர்களெல்லாம் குளித்து, சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டிக்கொண்டு மாப்பிள்ளைகள்போல் நின்றன. எல்லாருடைய குடும்பமும் வந்திருந்தது. பக்கிரிசாமியின் மனைவி அஞ்சலை பொரிப் பொட்டலத்தோடு முதல் வரிசையில். பக்கத்தில் சீஃப் கெஸ்ட், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய அதிகாரி.

எனக்கு உற்சாகம் தலைக்கேறியிருந்தது. ஆயுதம் என்றால் வாத்தியமும் ஆயுதம்தானே என்று பெடல் ஸ்டீலுக்கு நானே சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், மாலை போட்டேன். தட்டில் மூன்று எலுமிச்சம்பழம் மீந்தது. கீழே மூன்று பெடல் தெரிந்தது. பெடல் இருந்தால் அது வண்டி. வண்டி என்றால் அடியில் பழம் வைக்க வேண்டும், கிளம்பும்போது நசுங்கித் திருஷ்டி போக வேண்டும். நகரியத்தில் சைக்கிளுக்கே வைக்கிறோம். பெடலுக்கு ஒன்றாகப் பழத்தை இறுக்கிச் செருகிவிட்டு, மேடையேறி மைக்கைப் பிடித்தேன்.

மூன்று பக்கத்தையும் படித்தேன். "தன்னலம் கருதாத மாமனிதர்" என்றேன். "அவர் விட்டுச் செல்லும் இசை" என்றேன். முதல் வரிசையில் அஞ்சலை பக்கத்துப் பெண்ணிடம் கேட்டது எனக்கு மேடைவரை கேட்டது.

"யாருக்கா செத்துப் பூட்டாங்க?"

"உங்க வூட்டுக்காரரப் பத்தித்தான் பேசறாரு."

"அய்ய, உசுரோட கீற மனுசனப் பத்தியா இப்புடிப் பேசிகினு கீறாரு?"

ஆல்பர்ட் என் பேச்சுமேலேயே பாட்டை ஆரம்பித்துவிட்டார். பக்கிரிசாமி இரும்பைக் கம்பியில் வைத்தார். முதல் வரி வழுக்கிக்கொண்டு அழகாகப் போனது. அழவேண்டிய இடம் வந்தது. பெடலை மிதித்தார். பெடல் இறங்கவில்லை. மறுபடி மிதித்தார். சுருதி ஏறாமல் அந்தக் கம்பி ஒரே இடத்தில் நின்று, கொட்டாவியைப் பாதியில் அடக்கியதுபோல முனகியது. முதல் வரிசையில் பொரியைக் கொறிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆல்பர்ட்டின் விரல் பட்டனை நோக்கிப் போனது. பக்கிரிசாமி என்னைப் பார்த்தார். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன்.

வாழ்நாள் முழுக்க டோசர் பிரேக்கை மிதித்த கால் அது. ஓங்கி ஒரு மிதி விட்டார்.

பழம் பட்டாசுபோல வெடித்தது. சாறு மேடை விளக்கில் மின்னிக்கொண்டு பறந்து சீஃப் கெஸ்ட்டின் மூக்குக்கண்ணாடியில் இறங்கியது. அதே நொடியில் கம்பி விடுபட்டு மேலே ஏறி ஒரு அழுகை அழுதது பாருங்கள், ஷெட்டே நிமிர்ந்தது. அடுத்த மிதி, அடுத்த பழம், அடுத்த அழுகை. கூட்டம் அவர் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தது. கால் இறங்கினால் பாட்டு ஏறுகிறது!

"டேய், கால்ல அழுவுதுடா!" என்று யாரோ கத்தினார்கள். பின்னால் இருந்தவர்கள் டோசர் செயின்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். மூன்றாவது பழத்தை அவர் தாளத்துக்குச் சரியாக மிதித்தபோது விசில் பறந்தது. அதற்குப் பிறகு மிதிக்கப் பழம் இல்லை, வெறும் பெடல்தான். ஆனாலும் ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை. கடைசிச் சரணத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், வாழைக்கன்று கட்டிய டோசர்கள்கூட எங்கேயோ தொலைந்துபோன ஒரு பொருளை நினைத்துக்கொண்டு நிற்பதுபோலத்தான் இருந்தன.

அஞ்சலை எழுந்து நின்றுவிட்டார். "அது இவரு வாசிக்கறதா? அப்ப இத்தினி நாளா..." என்று ஆல்பர்ட்டைத் திரும்பிப் பார்த்தார். கும்பிடத் தூக்கிய கையை ஆல்பர்ட் அப்படியே இறக்கிக் கீபோர்டைத் துடைத்தார்.

சீஃப் கெஸ்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஒன்ஸ் மோர்" என்றார். "பழம் இல்லாம" என்றும் சொன்னார்.

தம்பி தங்கைகளே, நான் கற்றது இவ்வளவுதான். ஒரு கலைஞரைக் கூட்டத்துக்குக் காட்டவேண்டுமென்றால் அவர் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள், அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கையைக் காட்டுங்கள், பிறகு வெளிச்சத்திலிருந்து விலகி நில்லுங்கள். எழுதிய பக்கங்கள் பையிலேயே இருக்கட்டும். வாத்தியத்துக்கு மரியாதை செய்வதை அதை வாசிப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

மறு வாரம் வடலூரில் கச்சேரி. பக்கிரிசாமியைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தார்கள். நான் கோட்டு போட்டுக்கொண்டு வேனுக்குப் போனேன். என் வழக்கமான சீட்டில் பெடல் ஸ்டீல் உறை போட்டுக்கொண்டு சௌகரியமாகச் சாய்ந்திருந்தது. ஆல்பர்ட் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சார், நீங்க பஸ்ல வந்துடுங்களேன். வடலூருக்கு நிறைய பஸ் ஓடுது. லேட்டானாலும் பரவாயில்ல சார், ஒண்ணும் அவசரம் இல்ல."