சந்தனம் வைத்த ரிவால்வர்

என் ரிவால்வர் மிகவும் மெதுவானது. விசையை அழுத்த அழுத்தத் தொடர்ந்து வெடிக்கிற சாதி இல்லை அது. ஒவ்வொரு முறையும் பின்னால் இருக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். இழுத்தால் உருளை ஓர் அறை சுற்றும். பிறகுதான் விசை. ஹேமர் விழுந்து தோட்டாவின் விளிம்பைத் தட்டினால் வெடிக்கும். மறுபடி இழு, மறுபடி சுடு. தோட்டா போடுவதும் அப்படித்தான். வலது பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும், சுட்ட பிறகு காலிக் கூடுகளை ஒரு கம்பியால் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். ஆறு அறைகள் இருந்தாலும் ஐந்து தோட்டாதான் போடுவேன். பழைய மாடல் என்பதால் ஹேமர் உட்கார்ந்திருக்கும் அறை காலியாக இருப்பது நல்லது. கைதவறி விழுந்தாலும் வெடிக்காது.

பாயிண்ட் டூ டூ தோட்டா பென்சிலைவிடக் கொஞ்சம் மெலிசு. கையில் உதைப்பே தெரியாது. இதைப் போய்த் துப்பாக்கி என்கிறாயே, கொசு அடிக்கவா என்று சுடும் கழகத்தில் பெரிய பிஸ்தல் வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். நான் கவலைப்பட்டதில்லை. இருபத்தைந்து மீட்டரில் தாளின் நடுவில் ஐந்து ஓட்டைகளும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு விழும்போது வருகிற சந்தோஷத்துக்குத் தோட்டாவின் அளவு முக்கியமில்லை.

பல்கலைக்கழகத்தில் ஏர் பிஸ்தலில் தொடங்கியது இது. படித்து முடித்து செரண்டாவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக வேலைக்குச் சேர்ந்த பிறகு, ரவாங் பக்கம் ஒரு சுடும் கழகத்தில் உறுப்பினரானேன். அங்கே ஓர் உறுப்பினர் மகனோடு இருக்க வெளிநாடு கிளம்பினார். அவருடைய ரிவால்வரை வாங்க ஆளில்லை. நான் கை தூக்கினேன். தூக்கின கையைக் கீழே இறக்கப் பதினான்கு மாதம் ஆனது. விண்ணப்பப் பாரம், பேட்டி, மருத்துவச் சான்று, கழகத்தின் கடிதம், மறுபடி பாரம். கடைசியில் பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே போலீஸ் வந்து, அறைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் காத்திருந்தார்.

"என்னா புள்ள, போலீஸ் வந்துட்டுப் போவுது? யாரையும் அடிச்சிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

லைசென்ஸ் கிடைத்தபோது நிபந்தனைகளையும் வாசித்துக் காட்டினார்கள். சுத்தம் செய்யவும் சுடுதளத்துக்குக் கொண்டுபோகவும் மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கலாம். கழகப் பொறுப்பாளரைத் தவிர வேறு யாருடைய கையும் அதில் படக்கூடாது. ஒவ்வோர் ஆண்டும் கழகத்தில் முப்பது தோட்டாக்கள் சுட்டுத் தேற வேண்டும், அந்தத் தாளை வைத்துத்தான் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியும். தவறினால் துப்பாக்கி போலீஸ் கிடங்குக்குப் போய்விடும். திரும்ப வாங்க முதல் பாரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போன வருடம் கழகத்தின் தேர்வு ஆயுத பூசைக்கு மறுநாள் வந்தது. என் லைசென்ஸ் முடிய அன்றிலிருந்து பதினொரு நாள்தான் இருந்தது. அடுத்த தேர்வு அதற்கடுத்த மாதம். ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு காலை.

பூசையன்று மதியம் நான் சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து ரிவால்வரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். உருளை காலி. தோட்டாக்கள் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர். தன் வெட்டுக்கத்திகளைக் கழுவித் துடைத்து சாமி மேடையின் கீழ் அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் அறுவடை அரிவாள், தையல் மெஷின், என் லேப்டாப், தொழிற்சாலையில் நான் அளவு பார்க்கும் கருவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. என் தம்பி எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். லோரிக்கு மாலை போட்டுவிட்டு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுக்கு வைக்கலயா பாப்பா?"

"இதுக்கெல்லாம் வேணாம்மா. ரூல் இருக்கு."

"லோரி ஆயுதமா? தையல் மெஷின் ஆயுதமா? அதுக்கெல்லாம் பொட்டு வச்சாச்சி. இந்த வீட்டுல நெசமான ஆயுதம் இது ஒண்ணுதான். இத விட்டுட்டுப் பூசை போட்டா சாமி என்னா நெனைக்கும்?"

"அம்மா பாயிண்ட்டு கரெக்ட்லா அக்கா," என்றான் தம்பி.

"நீ போய் உன் லோரியக் கழுவு."

"கழுவி, பூ போட்டு, எலுமிச்சம்பழமும் வச்சாச்சி. உன் காருதான் சேத்துல பொரண்ட எருமை மாதிரி நிக்கிது. போய்ப் பாரு."

அவன் சொன்னது உண்மை. நான்கு மணிக்குள் பூசை போட்டாக வேண்டும், காரில் கை வைக்கவே இல்லை. ரிவால்வரைத் துணியால் மூடிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்தைத்தான் மிச்சம் பிடித்தேன்.

திரும்பி வந்தபோது மேசையில் பேப்பர் மட்டும் இருந்தது. ரிவால்வர் சாமி மேடையில் லேப்டாப்புக்கும் அரிவாளுக்கும் நடுவில் ஒரு தாம்பாளத்தில் உட்கார்ந்திருந்தது. குழலின் மேல் ஒரு துண்டு மல்லிகைச் சரம். ஹேமரின் மேல் கெட்டியாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"அம்மா, இத நீங்க தூக்கவே கூடாதும்மா."

"பத்தடி தூக்கினேன். அதுல குண்டு இல்லன்னு நீதானே சொன்ன. அந்த எடம் நெத்தி மாதிரி இருந்திச்சி, அங்க வச்சேன். நாளைக்கு நீ பாசாவணும்ல."

கற்பூரம் ஏற்றியாகிவிட்டது. கும்பிட்டேன்.

பூசை முடிந்ததும் அடுத்த சிக்கல். எங்கள் வீட்டில் பூசையில் வைத்த பொருளை மறுநாள் காலை வரை எடுக்க மாட்டார்கள், பொட்டை அழிக்கவும் மாட்டார்கள். லோரி கூட அன்று ஓடாது. ஆனால் துப்பாக்கி இரவெல்லாம் சாமி மேடையில் கிடந்தால் என் லைசென்ஸ் ஓடிவிடும். அம்மாவும் நானும் கொஞ்ச நேரம் வாதாடினோம். கடைசியில் ஓர் உடன்பாடு. துப்பாக்கி பொட்டோடும் பூவோடும் அப்படியே இரும்புப் பெட்டிக்குள் போகும். காலையில் கும்பிட்டுவிட்டு எடுக்கலாம். பெட்டிக் கதவிலும் அம்மா மூன்று கோடு விபூதி போட்டார். சட்டத்துக்கும் பாதகமில்லை, சாமிக்கும் பாதகமில்லை என்று நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

காலையில் கும்பிட்டு எடுத்துக்கொண்டு ஏழரைக்குச் சுடுதளத்தில் இருந்தேன். பையைத் திறந்து பொட்டைத் துணியால் துடைத்தேன், எண்ணெய் போட்டு இன்னொரு முறை துடைத்தேன். பார்க்கப் பளபளப்பாக இருந்தது. ஹேமருக்கும் துப்பாக்கியின் உடலுக்கும் நடுவில் உள்ள சந்துக்குள் வழிந்த சந்தனம் இரவு முழுக்கக் காய்ந்து இறுகி, எண்ணெய் பட்டதும் களி மாதிரி ஆகியிருந்தது எனக்குத் தெரியவில்லை. தினமும் நூற்றுக்கணக்கான பொருள்களில் மயிரிழைக் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

தேர்வை நடத்தியவர் சுடுதளப் பொறுப்பாளர். முன்னாள் ராணுவக்காரர், இப்போது டயர் கடை வைத்திருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். ஐந்து ஐந்தாக ஆறு சுற்று. முன்னூறில் இருநூற்றுப் பத்து எடுக்க வேண்டும்.

ஐந்து தோட்டாக்கள் போட்டு, கதவை மூடி, ஹேமரை இழுத்தேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி விசையை அழுத்தினேன்.

டக்.

அவ்வளவுதான். வெடிக்காத தோட்டா தாமதமாக வெடிக்கலாம் என்பதால் குழலை இலக்கை விட்டு நகர்த்தாமல் முப்பது விநாடி நிற்க வேண்டும். முப்பது வரை வாய்க்குள் எண்ணினேன். மறுபடி இழுத்தேன். இரண்டாவது வெடித்து, ஒன்பதில் விழுந்தது. மூன்றாவது டக். மறுபடி முப்பது விநாடி. நான்காவதும் டக்.

"நிறுத்து. கீழ வையி. தள்ளி நில்லு," என்றார் அண்ணன்.

அவரே தோட்டாக்களை எடுத்துப் பார்த்தார். வெடிக்காத மூன்றின் விளிம்பிலும் ஹேமரின் ஊசி பட்ட தடம் மங்கலாகத்தான் இருந்தது, ஹேமர் முழு வேகத்தில் விழவில்லை. ஹேமரைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்தார்.

"என்னாது இது, செவப்பா? துருவா?" சுண்டுவிரல் நகத்தால் சுரண்டினார். மோந்து பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. "ஏம்மா, இது சந்தனம்லா."

"நேத்து ஆயுத பூசைண்ணே."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நானும் கடையில ஜாக்குக்கு, காத்தடிக்கிற மெஷினுக்கெல்லாம் வச்சேன். நல்லவேள, என் துப்பாக்கி ஞாபகம் வரல." சிரித்து முடித்துவிட்டுக் குறிப்புத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

"யாரு வச்சா?"

நான் தோட்டா டப்பாவின் மூடியைத் திறந்து மூடினேன்.

"கோளாறு ஏன் வந்திச்சின்னு நான் எழுதணும். கோளாறுன்னா சுத்தம் பண்ணிட்டு இன்னிக்கே திரும்பச் சுடலாம், அதுக்கு எடம் இருக்கு. ஆனா வேற ஆளு கை பட்டிச்சின்னா அதையும் எழுதணும். எழுதினா அது மேல போவும்." குரலைத் தாழ்த்தினார். "நீதான் வச்சேன்னு சொல்லு. ஒரு வரி. முடிஞ்சிச்சி."

அது ஒரு நல்ல மனிதர் நீட்டிய நல்ல வழி. எடுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். 'நான்தான்' என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த ஒரு வரி ஒரு வரியோடு நிற்காது. போலீஸ் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து கேட்கலாம். அம்மாவிடம் இன்னதைச் சொல்லு, இன்னதைச் சொல்லாதே என்று பாடம் நடத்த வேண்டும். அம்மாவோ நேற்று மாலை சுண்டல் கொடுக்கப் போன ஏழு வீட்டிலும், பாப்பா துப்பாக்கிக்கும் என் கையால பூசை போட்டாச்சி என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அதோடு, அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடப்போவது இவர். டயர் கடையை மூடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாமல் வந்து நிற்கிறவர்.

"அம்மா வச்சாங்கண்ணே. மேசையிலேருந்து சாமி மேடைக்குத் தூக்கிட்டுப் போயி வச்சாங்க. நான் வெளிய கார் கழுவிக்கிட்டு இருந்தேன்."

அவர் "பொழைக்கத் தெரியாத புள்ள," என்று சொல்லிவிட்டு எழுதினார்.

பிறகு பல்துலக்கும் பிரஷால் சந்துக்குள் இருந்த சந்தனத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். முதல் சுற்றிலிருந்து மறுபடி சுடவிட்டார். முப்பதும் வெடித்தன. இரண்டு சுற்றுக்குப் பிறகுதான் ஓட்டைகள் தாளின் நடுவுக்கு வந்தன. இருநூற்று முப்பத்தொன்று. தேறிவிட்டேன். அந்தத் தாளிலேயே அம்மாவின் கை பட்ட விஷயமும் இருந்தது.

ஒரு வாரம் கழித்துக் காவல் நிலையத்தில் கூப்பிட்டார்கள். அம்மாவையும் அழைத்து வரச் சொன்னார்கள். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கு என்றேன், கைலியோட வரச் சொல்றியா என்று கேட்டார். விசாரித்த அதிகாரி மலாய்க்காரர், அமைதியாகப் பேசினார். அம்மா தனக்குத் தெரிந்த மலாயில், செம்பாயாங் சாஜா துவான், வெறும் சாமி கும்பிட்டதுதான், வேறு எங்கேயும் கொண்டுபோகவில்லை என்றார். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியாது, குண்டு இல்லை என்று மகள் சொன்னாள், நம்பித் தூக்கினேன் என்றார் அம்மா. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, உங்கள் அம்மா மேல் நான் குறை சொல்லவில்லை, லைசென்ஸில் இருப்பது உங்கள் பெயர் என்றார். நான் தலையாட்டினேன்.

லைசென்ஸ் முடிய இரண்டு நாள் இருக்கும்போது முடிவு வந்தது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. லைசென்ஸ் புதுப்பிக்கப்படும். ஆனால் ரிவால்வர் இனி வீட்டில் இருக்கக் கூடாது, கழகத்தின் ஆயுத அறையில்தான் இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் எண்ணைச் சரிபார்த்து, என் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி, பதினேழாம் நம்பர் அடுக்கில் வைத்தார். வீட்டில் இருந்த இரும்புப் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்க மனமில்லை. அம்மா அதில் வீட்டுப் பத்திரத்தையும் பிறப்புப் பத்திரங்களையும் வைத்துக்கொண்டார்.

முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் ரிவால்வரை எடுத்துத் துடைத்து, வெற்று உருளையைச் சுற்றவிட்டுக் கிளிக் கிளிக் என்று அந்தச் சத்தத்தைக் கேட்பேன். அது இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை போய், கையெழுத்துப் போட்டு வாங்கி, ஐம்பது தோட்டாக்கள் சுடுகிறேன். அங்கேயே துடைத்து, மறுபடி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். மணி பன்னிரண்டுக்கு ஆயுத அறையைப் பூட்டிவிடுவார்கள். அதனால் நேரம் வீணாக்குவதில்லை. இந்த ஆண்டுத் தேர்வில் இருநூற்று அறுபத்தாறு எடுத்தேன்.

போன ஞாயிறு கிளம்பும்போது அம்மா இட்லிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டார்.

"அப்ப அது உன்னோடதா, அவங்களோடதா?"

"என்னோடதுதாம்மா. அங்க இருக்கு, அவ்வளவுதான்."

"அதான் நல்லது," என்றார் அம்மா. "அங்க உள்ளவங்களுக்குக் கார் கழுவுற வேலை கெடையாது."